அளவு ஜாக்கெட்

1

மதினி இறந்து இன்றோடு ஒரு வருடம். இன்றைக்கென்று பார்த்து மருத்துவமனையில் என்னை எடை பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள்.

வட இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊர் முழுக்க மேடு. பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். ஆனி மாதத்தில் எங்கள் ஊர் திருத்தங்கலில் காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் போடும். இங்கே மழை. ஓங்கிப் பெய்து ஓயவும் தெரியாமல், நிற்கவும் மனமில்லாமல், தனக்குள்ளே எதையோ முனகிக்கொண்டிருக்கிற மழை. குடையை மடக்கிவிட்டு உள்ளே போனேன்.

செவிலிப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னாள். எண் துடித்து நின்றது. போன முறையைவிடக் குறைவு. அவள் உடனே பாராட்டிவிடவில்லை. கணினியைப் பார்த்தபடியே, "முயற்சி செய்து குறைத்ததுதானே?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள். "ஆமாம், தினமும் நடக்கிறேன்" என்றேன். அதற்குப் பிறகுதான் "அருமை" என்றாள்.

அந்தக் கேள்விக்கும் அந்த "அருமை"க்கும் நடுவே ஒரு மூச்சு இழுக்கிற நேரம் இருக்கும். என் மதினி தன் கடைசி மாதங்களை அதற்குள்தான் ஒளித்துவைத்தாள்.

2

மதினி என்றால் என் அண்ணன் மனைவி, முத்துலட்சுமி. அண்ணனுக்குத் திருத்தங்கலில் அச்சகம். தினசரி காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும். வீட்டு மாடியில் துணி காயப்போட்டால் மை வாசம் ஏறிவிடும். நான் கல்யாணமாகி இங்கே வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அத்தனை வருடமும் என் ஜாக்கெட்டுகள் அங்கேதான் தைத்து வந்தன.

வெளிநாட்டுக்கு வந்த நம் பெண்கள் பலருக்கும் ஊரில் ஓர் அளவு ஜாக்கெட் கிடக்கும். நன்றாகப் பொருந்திய பழையது ஒன்றை விட்டுவிட்டு விமானம் ஏறுவோம். தையல்காரர் அதை விரித்துவைத்துப் புதுத்துணியை வெட்டுவார். உடம்பு இங்கே, அளவு அங்கே. என்னுடையதும் மதினியுடையதும் ஒரே தையல்காரரிடம், ஒரே மஞ்சள் பைக்குள் இருந்தன.

எனக்கு முதலில் மார்பில் கட்டி வந்தது. அடுத்த வருடம் மதினிக்கு. ரத்த சம்பந்தம் இல்லாத இருவருக்கும் ஒரே நோய். எனக்குக் கட்டியை மட்டும் வெட்டினார்கள். அவளுக்கு இடப்பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். ஊருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியாயிற்று. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிறாள் அண்ணன் மகள் கார்த்திகா. தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் எவன் வாசலேறுவான் என்று மதினிதான் முடிவு செய்தாள். அண்ணன் தலையை ஆட்டினார்.

அதன் பிறகு புது அளவு கொடுக்க இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை. "அந்தாளுட்டப் போயி எதைக் காட்டி அளவு குடுக்க?" என்றாள் மதினி. பழைய அளவுக்கே தைத்து வாங்கி, வீட்டு மிஷினில் தானே உட்கார்ந்து மாற்றுவாள். இடப்பக்கம் உள்ளே சின்னப் பை வைத்துப் பஞ்சு அடைப்பாள். உடம்பு போட்டால் பக்கத் தையலைப் பிரித்துவிடுவாள். இளைத்தால் உள்ளே பிடித்து இன்னொரு தையல் ஓட்டுவாள். எனக்கும் அப்படியே செய்து அனுப்புவாள். அந்தத் தையல்காரரைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் நோய் தொடாத பெண்களாகவே இருந்தோம். மஞ்சள் பைக்குள் இன்னும் அப்படித்தான் இருக்கிறோம்.

3

சிகிச்சை முடிந்ததும் இருவருக்குமே உடம்பு போட்டது. ஊசியோடு கொடுத்த மருந்துகள், படுத்தே கிடந்த மாதங்கள், பிறகு வருடக்கணக்காக விழுங்கச் சொன்ன மாத்திரை. கண்ணாடியில் வேறு யாரோ ஒரு பெரிய பெண் என் கண்களை மாட்டிக்கொண்டு நின்றாள்.

இங்கே செவிலிப் பெண் உட்காரவைத்துச் சொன்னாள். இந்த நோய் வந்துபோனவர்களுக்கு எடை அதிகமாக இருப்பது நல்லதில்லை, திரும்ப வருகிற வாய்ப்பு அவர்களுக்குக் கூடுதலாகத் தெரிகிறது என்றாள். "குறைத்தால் வரவே வராது என்று சொல்ல மாட்டேன். அதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் நடங்கள்." அதை நான் அப்படியே தமிழாக்கி மதினிக்குப் போன் செய்தேன்.

"நோயில படுத்து எந்திரிச்சவளைப் பட்டினி போடச் சொல்லுதியா? நல்லா இருக்கு உங்க ஊரு வைத்தியம்."

"பட்டினி இல்ல மதினி. நெய்யைக் குறைங்க. நடங்க."

"உங்கண்ணன் காலையில முட்டை, மத்தியானம் எலும்பு சூப்பு, ராத்திரி பாலுன்னு கொண்டாந்து நிக்காக. வேண்டாம்னா கண்ணு கலங்குது அவுகளுக்கு. நீ வேணா அவுகட்டச் சொல்லு."

சொன்னேன். அண்ணன், "அவ எலும்புந்தோலுமா கெடந்ததை நீ பாக்கலம்மா" என்றார். பார்க்காதவள்தான்.

நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கன்னத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். "ஆளு நல்லாத் தேறிட்டீக" என்று யாராவது சொல்லிவிட்டால் மதினி அன்றைக்கே என்னிடம் ஒப்பிப்பாள். அந்தச் சதை அவளுக்குச் சாட்சி. கர்ப்பப்பை கதைக்கு அதுதான் கையெழுத்து. அதைப் போய்க் கரைக்கச் சொன்னால்?

ஆனாலும் ஒருநாள் நடக்கத் தொடங்கினாள். என் தொல்லை தாங்காமல்தான். எனக்கு மத்தியான இடைவேளை, அவளுக்குச் சாயங்காலம். நான் பூங்காவைச் சுற்ற, அவள் திருத்தங்கல் ரோட்டில் நடக்க, காதில் போனை வைத்துக்கொண்டு ஒன்றாக நடந்தோம். முதல் வாரமே ஒரு கூத்து. எங்கள் பக்கம் பெண்கள் வேகமாக நடந்தால் எங்கேயோ பட்டாசு ஆலை வெடித்துவிட்டது என்று பொருள். வேலை முடிந்து திரும்புகிற பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று அவள் பக்கத்தில் பதறிப்போய் நின்றது. உள்ளிருந்த பெண்களின் குரல் எனக்குப் போனிலேயே கேட்டது.

"எக்கா, எங்கன? எந்தக் கம்பெனிக்கா?"

"ஒண்ணுமில்லத்தா. கொழுப்பைக் கரைக்கேன்."

வேன் குலுங்கச் சிரிப்பு.

"அதை ஏங்க்கா ரோட்டுல கொட்டுறீக? எங்களுக்குக் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க!"

மதினி மூச்சிரைக்கச் சிரித்தாள். அன்று அவளுக்கு இரைத்தது நடையினால்தான். நான் இப்போதும் நம்புகிறேன்.

சில மாதம் கழித்து, பேசும்போது அவள் பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. "பிரஸ்ஸுலயா மதினி இருக்கீக?" என்பேன். "தாண்டிப் போயிக்கிட்டு இருக்கேன்" என்பாள். தாண்டிப் போகிறவள் பின்னால் அந்தச் சத்தம் நெடுநேரம் கூடவே வரும்.

4

கார்த்திகாவுக்குச் சாத்தூரில் மாப்பிள்ளை அமைந்தது. ஆவணியில் பாக்கு வெற்றிலை மாற்ற வந்திருந்தார்கள். ஒரு பெட்டி காராச்சேவும் சிரிப்புமாக மாப்பிள்ளையின் அம்மா நடுவில் உட்கார்ந்திருக்க, மதினி என்னை வீடியோவில் கூப்பிட்டு எல்லோருக்கும் காட்டினாள். முறைப்படி அந்த அம்மாவையும் நான் மதினி என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. இருபத்தைந்து வருடமாக ஒரு மதினிதான். "அம்மா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

"ஏ சாந்தி, சம்பந்தி என்னமோ கேக்காக பாரு. பொண்ணு பாக்க வந்தப்ப இருந்ததுக்கு நான் பாதியா எளைச்சுட்டேனாம். யாரு காரணம்னு நீயே சொல்லு."

"நான்தான்" என்றேன் பெருமையாக. "நடங்க நடங்கன்னு அவுக உசுரை வாங்கிட்டேன்."

"எளைச்சது நல்லதுதான். முகம் வாடித் தெரியுதேன்னு கேட்டேன்" என்றார் சாத்தூர் அம்மா. கேமராவைப் பார்க்காமல் மதினியையே பார்த்தார்.

"வெயில்ல நடந்தா வாடத்தானே செய்யும்?" என்றாள் மதினி.

"அப்ப எனக்கும் சொல்லுங்க. முட்டி வலி உசுரு போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் யாழினி என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, அவளுக்குத் தெரிந்த தமிழில், "அத்தை, செம ஃபிட்!" என்றாள். மதினி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரைத் திரும்பிப் பார்த்தாள். லண்டன் பிள்ளையே சொல்லிவிட்டது என்கிற பார்வை. நாங்கள் லண்டனில் இல்லை என்று அவளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

5

தையில் கல்யாணம். நான் மட்டும் போனேன். வாசலில் மதினியைப் பார்த்ததும் மனதுக்குள் ஏதோ இடறியது. கழுத்தெலும்பில் சங்கிலி குழிந்து கிடந்தது. "கல்யாண அலைச்சல்" என்றாள். வீடு நிறைய ஆட்கள். வேறொன்றும் பேச முடியவில்லை.

முகூர்த்தத்தன்று காலை. எனக்கென்று தைத்து வைத்திருந்த பட்டு ஜாக்கெட் தொளதொளவென்று இருந்தது. மதினி குளிக்கப் போயிருந்தாள். நானே பிடித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று ஊசியைத் தேடினேன். அவள் எப்படிப் பிடிப்பாள் என்று பார்க்க, கட்டிலில் கிடந்த அவளுடைய ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினேன்.

ஐப்பசியில் தைத்து வந்த அரக்குப் பட்டு. ஓரத்தில் தையல்காரர் போட்ட அரக்கு நூல். அதற்கு உள்ளே வெள்ளை நூலில் ஒரு தையல். அதற்கும் உள்ளே மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம். கடைசியாகக் கறுப்பு நூலில், மிஷினில் ஓட்டாமல் கையாலேயே தைத்த ஒன்று. முடிச்சுக்கு மேல் நூல்கூட இன்னும் நறுக்கப்படவில்லை. அகப்பட்ட நூலை எடுத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, போட்டுப் பார்த்துப் பார்த்துப் பிடித்திருக்கிறாள். குளம் வற்றும்போது கரையில் கோடு கோடாக நிற்குமே, அப்படி இருந்தது.

ஈரத் தலையோடு உள்ளே வந்தவள் என் கையைப் பார்த்தாள். திரும்பிக் கதவைத் தாழ்போட்டாள்.

"எம்புட்டுத் தூரம் நடக்கீக மதினி?"

"கேக்குறா பாரு கேள்வி. நேரமாகுது, கட்டு சேலைய."

"மதினி."

கட்டிலில் உட்கார்ந்தாள். "தீவாளிக்குப் பெறகு நடக்கல. மூச்சு வாங்குது. முக்கு வரைக்கும் போயி, நம்ம பிரஸ்ஸுல பேப்பர் பண்டலு மேல உக்காந்துக்கிடுவேன். உன்ட்டப் பேசி முடிச்சதும் எந்திரிச்சு வந்துருவேன்."

"டாக்டரைப் பாத்தீகளா?"

"மதுரைக்குச் சேலை எடுக்கப் போனோம்ல. கார்த்திகாவைக் கடையில உக்கார வச்சிட்டு, ஜாக்கெட் துணி பாக்கப் போறேன்னு போயி ஸ்கேன் எடுத்தேன். முடிவு வாங்க மறுபடி போகணும்ல? சேலையில கறை இருக்குன்னு சொல்லி மாத்தப் போனேன். அந்தக் கடைக்காரரு பாவம், சேலையை வெளிச்சத்துல வச்சு வச்சுப் பாக்காரு, கறையே இல்ல." சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"என்ன சொன்னாக?"

"ஈரலுக்குப் போயிருச்சாம். ஒடனே ஊசி போடணும்னாக. போட்டா முடி கொட்டும். மொட்டைத் தலையோட பந்தல்ல நின்னு சம்பந்தக்காரங்களை வாங்கன்னு கூப்பிடவா? தை முடியட்டும்னு வந்துட்டேன்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"ஒனக்கு மட்டுந்தான். அதுவும் நீ துணியைத் திருப்பிப் பாத்ததால." என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "அழுகாத, மை கரையும். நீ நடக்கச் சொன்னது எம்புட்டு நல்லதாப் போச்சு தெரியுமா? இல்லாட்டி இந்த எளைப்புக்கு நான் என்னன்னு சொல்லியிருப்பேன்?"

வெளியே நாதஸ்வரக்காரர்கள் சுதி பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். மதினி அண்ணனின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து மடித்து என் மடியில் போட்டாள்.

"ரெண்டு பக்கமும் உள்ள வச்சுத் தச்சிரு. தோளுக்கும் கொஞ்சம் வை. பொண்ணைப் பெத்தவ நெறைஞ்சு நிக்கணும்."

தைத்தேன். நட நட, இளை இளை என்று இத்தனை நாளும் நச்சரித்தவள், அந்த விடிகாலையில் உட்கார்ந்து அவளுக்குச் சதை தைத்தேன். ஊசி இரண்டு முறை விரலில் ஏறியது. அவள் போட்டுக்கொண்டு கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "போதும், ரொம்ப வச்சா மாசமா இருக்கேன்னு நெனைப்பாக" என்றாள்.

பந்தலில் நின்றாள். வந்தவர்களை எல்லாம் கும்பிட்டாள். சாத்தூர் அம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. சம்பந்திகளின் ஒட்டுதல் என்று பக்கத்தில் யாரோ மெச்சினார்கள்.

6

கார்த்திகா மறுவீடு வந்து போன பிறகுதான் அண்ணனிடம் சொன்னாள். இரண்டு ஊசி போட்டார்கள். உடம்பு தாங்கவில்லை. ஆனியில் ஒரு காலை போன் வந்தது.

நான் இங்கே நூலகத்தில் வேலை பார்க்கிறேன். துக்க விடுப்பு கேட்டேன். பொறுப்பாளர் நல்ல பெண். திரையில் விதிகளை உருட்டிப் பார்த்தாள். பெற்றோர், கணவன், பிள்ளைகள், உடன்பிறந்தோர். அண்ணன் மனைவிக்கு அதில் இடமில்லை. "நெருக்கமானவரா?" என்று கேட்டாள். சொல்ல வேண்டும் என்று தவித்து, என் இங்கிலீஷில் தேடி, "என் அளவு அவளிடம்தான் இருக்கிறது" என்றேன். அவள் பரிவோடு தலையை ஆட்டினாள். புரியவில்லை என்று தெரிந்தது. சொந்த விடுப்பில் போகலாம் என்று அனுமதி வருவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. போனில் பார்த்தேன். யாரோ பிடித்திருந்த போன் சாய்ந்ததில் பாதி நேரம் வானம்தான் தெரிந்தது.

யாழினிக்குச் சொன்னேன். "எந்த அத்தை?" என்றாள். அவளுக்கு ஊரில் அத்தைகள் நிறைய. அடையாளம் சொல்வதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள்: "ஓ, அந்த நடக்குற அத்தையா? அவங்க அவ்வளவு ஹெல்தியா இருந்தாங்களே அம்மா!"

ஆமாம் என்றேன்.

7

இன்று எடை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சாத்தூர் அம்மா கூப்பிட்டார். தனியாக அவர் என்னைக் கூப்பிடுவது இதுதான் முதல் முறை.

"தெவசம் நல்லபடியா முடிஞ்சுச்சும்மா. இப்பத்தான் திருத்தங்கல்ல இருந்து வாறோம். ஒங்கண்ணன்தான் சரியாச் சாப்பிடல. கார்த்திகா பக்கத்துலயே உக்காந்து ஊட்டாத கொறையா ஊட்டுனா."

கொஞ்ச நேரம் வேறு பேச்சுகள். பிறகு அவரே சொன்னார். "நீங்க அன்னைக்கு நடக்கச் சொன்னீகள்ல, நானும் நடக்கேன். முட்டி வலி தேவல. ஒரு சுத்து எளைச்சுட்டேன். வளையலெல்லாம் கழண்டு விழுது."

என்னையறியாமல் கேட்டுவிட்டேன். "நீங்களா எளைச்சீகளா? தானா எளைச்சுச்சா?"

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இருந்தது.

"நானாத்தான்" என்றார் மெதுவாக. "நெய்யை விட்டேன், ராத்திரி சோத்தை விட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கேள்வியை நான் அவுககிட்ட கேட்டிருக்கணும்மா."

கையிலிருந்த ஈரச் செருப்பைக் கீழே வைத்தேன்.

"கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொன்னாக. எங்கக்காவுக்கும் மாருல இதேதான் வந்துச்சு. அவளுக்குப் பஞ்சு வச்சுக் குடுத்ததே நான்தான். எனக்குத் தெரியாதா? பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தெரியும். எங்க வீட்டுக்காருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பாக்கு மாத்துனோம். பிள்ளை நல்ல பிள்ளை, அதுக்கும் இதுக்கும் என்ன இருக்குன்னு எங்க வீட்டுக்காரு சொல்லிட்டாரு."

"அன்னைக்கு எளைச்சிருக்கீகளேன்னு கேட்டீகளே..."

"பயந்துதான் கேட்டேன். ஆனா நீங்க நடக்கச் சொன்னதா சொல்லிட்டீக. அதுக்கு மேல கேட்டா, பொண்ணை வேண்டாங்கதுக்குச் சாக்குத் தேடுதேன்னு நெனைச்சுருவாகளேன்னு இருந்துட்டேன். கல்யாணத்தன்னைக்குக் கையைப் பிடிச்சேன். கையி எலும்பா இருக்கு, ஜாக்கெட்டு நெறைஞ்சு இருக்கு." அவர் குரல் உடைந்தது. "அப்பவாச்சும் கேட்டிருக்கலாமோ?"

ஜன்னலுக்கு வெளியே மழை தன் முனகலை விடவில்லை. முகூர்த்தத்தில் கேட்டிருந்தால் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. அதற்கு முன்னால், ஆவணியில், என் பெருமைக் குரல் குறுக்கே வராமல் இருந்திருந்தால்? அதையும் யாரால் சொல்ல முடியும்? அந்த ஈரல் எப்போது தன் கதையைத் தொடங்கியது என்று எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. யாருக்குத் தெரியக் கூடாது என்று அவள் மூச்சடக்கிப் பண்டல் மேல் உட்கார்ந்திருந்தாளோ, அவர் தெரிந்தேதான் எதிரில் உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார். "கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம், மதினி" என்றேன்.